நாலு மூலையும் மட்டம்

"நீங்கள் இன்று பணிக்கு வரவில்லை" என்றது கம்பெனி கொடுத்த டேப்லெட்.

இதை ஃபோர்மேன் பணியிடத்தில் நின்றுகொண்டுதான் கேட்டார். சும்மாவும் நிற்கவில்லை. தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற பதினாலு டன் பிரஸ் ஒன்றின் பீடத்தை அப்போதுதான் கிரேனிலிருந்து இறக்கி, அஸ்திவாரத்தின் மேல் உட்கார வைத்து, அதன் மேலேயே ஏறி நின்றிருந்தார். கையில் ரசமட்டம், நெற்றியில் வேர்வை, சட்டையில் பாதி கிரீஸ். காலை ஆறரைக்கே வந்தவர்.

"வந்துட்டேனே" என்றார்.

"மன்னிக்கவும். நீங்கள் இன்று பணிக்கு வரவில்லை. நன்றி."

"நன்றி வேற" என்றான் மைத்துனன்.

மைத்துனன் என்றால் ஃபோர்மேனின் மனைவிக்குத் தம்பி. நாற்பது வயது ஃபிட்டர். பதினெட்டு வருடமாக மாமா காட்டிய போல்ட்டை மாமா சொன்ன அளவுக்கு முறுக்கி வருகிறான். முறுக்கி முடித்ததும் மாமா அவனைத் தள்ளிவிட்டு, தானே ஒருமுறை முறுக்கிப் பார்ப்பார். மைத்துனன் என்பதால் அல்ல, குழுவில் எல்லாருக்கும் அதே மரியாதைதான். வெல்டர் பற்றவைத்த இடத்தைத் தட்டிப் பார்ப்பார். கிரேன்காரர் கட்டிய சங்கிலியை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

"அதுகிட்ட என்ன மாமா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல மாப்ள. 'இன்றைய நிலையைச் சொல்லுங்கள்'னு கேட்டுச்சு. மட்டம்னு சொன்னேன்."

சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பீடத்தின் நாலு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்திருந்தார். நாலிலும் குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு தகடு சொருகவில்லை, ஒரு ஆப்பு வைக்கவில்லை. இறக்கின வாக்கிலேயே மட்டமாக உட்காருவது பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அந்தப் பெருமையில் வாய் நிறைய, "மட்டம்!" என்று சொல்லிவிட்டார்.

டேப்புக்கு அது வேறு மாதிரி கேட்டது.

கம்பெனி அந்த மாதம்தான் டிஜிட்டலாக மாறியிருந்தது. ஊர் ஊராகப் போய் ஆலைகளில் மெஷின் நிறுவித் தருகிற கம்பெனி அது. இதுவரை வேலை முடிந்தால் ஃபோர்மேன் ஒரு தாளில் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இனிமேல் அப்படியில்லை. வேலையை நாற்பத்தாறு படிகளாகப் பிரித்து டேப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படியும் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பி, வாயால் விவரம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த படி திறக்கும். இது போதாதென்று தூணில் ஒரு கேமராவையும் மாட்டியிருந்தார்கள்.

செயலி என்று தலைமை அலுவலகம் எழுதியது. குழுவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆப்பு என்றார்கள். "முப்பது வருஷமா மெஷினுக்கு அடியில ஆப்பு வெச்சேன், இப்போ எனக்கு வெச்சிருக்காங்க" என்று முதல் நாளே ஃபோர்மேன் சொன்னார். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

செயலியோடு வந்த சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்தபோது சிரிப்பு நின்றது. செயலி மூலம் தங்கள் முதல் வேலையை முடித்துக் காட்ட இயலாத ஃபோர்மேன்கள் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்கள். அவர்களுக்கு நாற்காலி வழங்கப்படும்.

அப்படி ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர், முப்பது டன் பாய்லரை ஆள் நடக்கவே இடமில்லாத சந்தில் திருப்பிக் கொண்டுபோய் வைத்த மனிதர். போன வாரம் ஃபோர்மேன் அவரைப் போய்ப் பார்த்தார். வருகிற தபாலுக்கெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "உக்காந்திருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து நாற்காலி என்ற சொல்லைக் கேட்டாலே ஃபோர்மேன் பேச்சை மாற்றிவிடுவார். சாப்பிடுவதைக்கூட நின்றுகொண்டே முடிக்கிற ஆள் அவர். இந்த பிரஸ்தான் செயலியில் அவருடைய முதல் வேலை. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. இன்று திங்கள்.

உதவி எண்ணுக்குப் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். காலை வேளைக்குக் கொஞ்சம் அதிகமான உற்சாகம் அவள் குரலில் இருந்தது.

"வணக்கம் சார், டிஜிட்டல் மாற்றப் பிரிவு!"

"அம்மா, நான் வேலைக்கு வந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"உங்க ஆப்பு வரலைங்குது."

தட்டச்சு சத்தம் கேட்டது. "ஆமா சார். இன்னிக்கு மட்டம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"மட்டம்னா வரலைன்னு அர்த்தமா?"

"மட்டம் போடுறதுன்னா அதானே சார்? ஆளுங்க பேசுற தமிழ் ஆப்புக்குத் தெரியணும்னு மேல சொன்னாங்க. 'விடுப்பு'ன்னு எந்த ஆள் வாயாலயும் வராது, 'இன்னிக்கு மட்டம்'னுதான் வரும்னு நான்தான் அதுக்குக் கத்துக் குடுத்தேன்." அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

"நான் மட்டமில்லம்மா. மெஷின்தான் மட்டம்."

"அப்படியா? அப்போ 'திருத்தம்'னு ஒரு பட்டன் இருக்கும். அத அழுத்திட்டு இதையே தெளிவா சொல்லிடுங்க சார். சரியாயிடும்."

ஃபோர்மேன் பட்டனை அழுத்தினார். டேப்பை வாய்க்கு நேராகப் பிடித்து, காது கேளாதவரிடம் பேசுகிற தெளிவோடு சொன்னார். "நான் மட்டம் இல்லை. மெஷின்தான் மட்டம்."

டேப் சற்று யோசித்தது.

"புரிந்தது. மெஷின் மட்டம். தரக்குறைவு பற்றிய உங்கள் புகார் தயாரிப்பாளருக்கு அனுப்பப்பட்டது. உங்கள் விடுப்பில் மாற்றம் இல்லை. நன்றி."

அரை மணி நேரத்தில் போன் வந்தது. மெஷினைத் தயாரித்த கம்பெனியின் விற்பனையாளர். குரலில் டை கட்டியிருப்பது தெரிந்தது.

"சார், எங்க மெஷின் மட்டம்னு நீங்களா சொன்னது?"

டேப் புகார் என்று சொன்னது ஃபோர்மேனின் காதில் ஏறியிருக்கவில்லை. விடுப்பில் மாற்றம் இல்லை என்ற வருத்தத்திலேயே இருந்தார். தயாரித்தவர்களே கூப்பிட்டு விசாரிக்கிறார்களே என்று அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"ஆமா சார்! நாலு மூலையும் மட்டம்!"

"நாலு மூலையுமா?"

"ஒரு மூலை விடல. நானும் எத்தனையோ கம்பெனி மெஷினப் பாத்துட்டேன். என் சர்வீஸ்ல இவ்ளோ மட்டமான மெஷின பாத்ததே இல்ல."

"இத நாலு பேர் முன்னாடி சொல்வீங்களா?"

"நாலு பேர் என்ன, மேடை போட்டுக் குடுங்க, மைக்குல சொல்றேன். செஞ்ச ஆளுங்களுக்கு என் பாராட்டச் சொல்லிடுங்க சார்."

போன் வைக்கப்பட்டது. நல்ல மனுஷன் என்றார் ஃபோர்மேன். மைத்துனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னான். ஃபோர்மேன் பீடத்தின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

அதற்குள் வீட்டிலிருந்து போன். கம்பெனியின் டிஜிட்டல் மாற்றத்தில் குடும்ப நலமும் அடக்கம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். ஊழியர் வராவிட்டால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"வேலைலதான்."

"வேலைல இல்லன்னு உங்க கம்பெனி சொல்லுதே?"

"கம்பெனிக்கு என்ன தெரியும்?"

"அதான் கேக்கறேன். கம்பெனிக்குத் தெரியாம எங்க இருக்கீங்க?"

ஃபோர்மேன் போனை மைத்துனனிடம் தள்ளினார்.

"அக்கா, மாமா என் பக்கத்துலதான் இருக்கார்."

"நீ என்னிக்குடா அக்கா பக்கம் பேசியிருக்க? ரெண்டு பேரும் சேந்துதான் சுத்துறீங்களா?"

இப்படியாகத் திங்கள்கிழமை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஃபோர்மேன் எச்சரிக்கையாக வந்தார். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் டேப்பைத் தொட்டார். "நேற்று ஏன் மட்டம்? காரணம் சொன்னால்தான் இன்றைய வருகை திறக்கும்" என்றது அது. கீழே ஒரு பட்டியல் வந்தது. காய்ச்சல், திருமணம், துக்கம், மற்றவை.

"மற்றவையைத் தொட்டு உள்ளதச் சொல்லிடறேன் மாப்ள."

"ஐயோ, வேண்டாம் மாமா. உள்ளதச் சொன்னா அதுல மட்டம்னு வந்துடும். பேசாம காய்ச்சல்னு போட்டுடுங்க. நேத்து காய்ச்சல், இன்னிக்கு சரியாப்போச்சு. யாரு என்ன கேக்கப் போறாங்க?"

யோசனை நியாயமாகப் பட்டது. காய்ச்சலைத் தொட்டார்.

"புரிந்தது. உங்களுக்குக் காய்ச்சல். விதிப்படி மூன்று நாள் கட்டாய ஓய்வு, செவ்வாய் முதல் வியாழன் வரை. இந்நாட்களில் பணியிடத்தில் நுழைய வேண்டாம். பொறுப்பு ஃபோர்மேனை நியமிக்கவும். விரைவில் நலம் பெறுங்கள். நன்றி."

ஃபோர்மேன் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கிரேனைப் பார்த்தான். கிரேன்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

நியமிக்காவிட்டால் அடுத்த படி திறக்காது. திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. வேறு வழியில்லாமல் மைத்துனனைப் பொறுப்பு ஃபோர்மேனாகப் போட்டார். ஏற்பாடு என்னவென்றால், ஃபோர்மேன் காதில் சொல்ல வேண்டும், மைத்துனன் டேப்பில் சொல்ல வேண்டும். கேமராவில் விழாமல் ஃபோர்மேன் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக மாமாவின் முதுகைப் பார்த்து வேலை செய்தவன் முதல் தடவையாக முன்னால் நின்றான்.

"மேல் பாகம் பீடத்தில் பொருந்தியது" என்றான் டேப்பில், கொஞ்சம் நடுக்கத்தோடு.

"சிறப்பு! ஐந்து நட்சத்திரம்!" என்றது டேப்.

யாரும் அவனுக்கு அதுவரை ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்ததில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. மாலைக்குள் பதினொரு படிகள், ஐம்பத்தைந்து நட்சத்திரங்கள். "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் படத்துல விழுது" என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

மட்டம் என்ற சொல்லுக்குத் தடை போட்டாயிற்று. பதிலாக எல்லாரும் "சமம்" என்றார்கள். வெல்டருக்கு அது வாயில் நிற்கவில்லை. "சம... சம்மட்டி" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். கிரேன்காரர் மட்டும் கவனமாகத்தான் இருந்தார், சாயங்காலம் வரை. ஃபோர்மேனை இரண்டு பெயரில் கூப்பிட்டுப் பழகினவர் அவர். எதிரில் "அண்ணே", தூரத்திலிருந்து பட்டப்பெயர். சங்கிலி லேசாக ஆடியதும் கேபினிலிருந்து தலையை நீட்டி, தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ரசமட்டம்! விடலாமா?"

டேப் உடனே விழித்துக்கொண்டது. "புரிந்தது. ஒருவர் மட்டம். பெயர் ஏற்கெனவே பதிவில் உள்ளது. வெள்ளிக்கிழமையும் சேர்க்கப்பட்டது. நன்றி."

ஃபோர்மேன் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இனி வாரம் முழுக்க அவர் வேலைக்கு வரவில்லை. வராதவர் பெயரில் வேலை முடியாது. முடியாவிட்டால் நாற்காலிதான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்குத் தொழிற்சாலைக் காவலாளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். இரண்டு நாளாக ஃபோர்மேனோடு சேர்ந்து டீ குடிக்கிறவர். தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சார், உள்ள அடையாளம் தெரியாத நபர் ஒருத்தர் இருக்கார்னு மெசேஜ் வந்திருக்கு. தூணுக்குப் பின்னாடி முழங்கை மட்டும் தெரியுதாம்."

"என் முழங்கைதான்."

"எனக்குத் தெரியுது சார்."

"என்னையும் உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கு உங்களத் தெரியும். ஆனா என் போனுக்கு உங்களத் தெரியலையே." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "உங்கள வெளில விட்டாச்சுன்னு பட்டன் அழுத்தற வரைக்கும் இது கத்திக்கிட்டே இருக்கும் சார்."

போன் கத்திக்கொண்டுதான் இருந்தது. காவலாளி ஃபோர்மேனின் தோளில் மெல்லக் கை வைத்து வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் அவருடைய டிபன் டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார்.

கட்டடத்தின் பின்பக்கம், காலி பீப்பாய்கள் அடுக்கிய இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஜன்னல் இருந்தது. கம்பி போட்ட ஜன்னல். ஒரு பீப்பாயைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறினால் உள்ளே பிரஸ் தெரியும். கேமராவுக்கு ஜன்னல் தெரியாது. ஃபோர்மேன் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இங்க!" என்று தணிந்த குரலில் கூப்பிட்டார்.

அங்கிருந்துதான் பிரஸ்ஸின் பெரிய சக்கரத்தை ஏற்றினார். ஏற்றினார் என்று சொல்வது சரியில்லை. சொன்னார், அவர்கள் ஏற்றினார்கள்.

"இடது பக்கம் ரெண்டு சுத்து முறுக்கு."

"முறுக்கிட்டேன் மாமா."

"நகரு, நான் ஒரு தடவ..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். கம்பிக்கு நடுவில் கை போகும். ஆனால் பிரஸ் இருபது அடி தள்ளி இருந்தது. கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"சரி. அடுத்தது" என்றார். அந்த இரண்டு சொற்களைச் சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினார். மனைவி. ஒரு கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் கம்பளி.

காய்ச்சல் என்ற குறுஞ்செய்தி செவ்வாய்க்கிழமையே அவளுக்குப் போயிருந்தது. மூன்று நாள் ஓய்வெடுக்க வேண்டியவர் தினமும் டப்பா கட்டிக்கொண்டு எங்கே போகிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள். வாசலில் காவலாளியிடம் கேட்டிருக்கிறாள். "அவர் லீவுல இருக்காரும்மா. பின்னாடி ஜன்னல்ல இருப்பார்" என்று அவர் வழி காட்டியிருக்கிறார்.

"என்னங்க இது?"

"மெஷின் நிறுவறேன்."

"ஜன்னல் வழியாவா?"

பீப்பாயின் மேல் நின்றபடியே திங்கள்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னார். நாற்காலி பற்றிய பத்தியையும் சொன்னார். அதை அவளிடம் இதுவரை மறைத்திருந்தார், ஏனென்றால் அவளுக்கு அந்த நாற்காலி பிடித்துவிடும் என்று பயம். பிடிக்கத்தான் செய்தது.

"உக்காந்து வேலை பாத்தா என்ன குறைஞ்சுடும்? முட்டி வலி முட்டி வலின்னு ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கிறது யாரு?"

"நீதான்."

"ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வரலாம்ல?"

ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே சக்கரம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு அச்சின் முனையருகே வந்துகொண்டிருந்தது. அது அச்சில் ஏறியதும், ஒரு தடங்கல் இல்லாமல் ஏறியதும், அவர் வாய் தன்னால் திறந்து, முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் அந்த முகத்தை அவள் அதிகம் கண்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பீப்பாய் ஆடியது. அவள் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்து தொலைக்காதீங்க" என்றாள். "உங்கள நாற்காலில உக்கார வெச்சா அந்த நாற்காலிதான் பாவம்."

வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்தே ஒரு உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்துவிட்டாள். காவலாளி அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வரை வந்தார். "நபர் உள்ள வரலைல? அப்போ என் போனுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அன்று கடைசிப் படி. எல்லா போல்ட்டையும் இறுக்கியபின் மெஷின் லேசாக நகர்ந்திருக்கும். மறுபடி மட்டம் பார்த்தாக வேண்டும். ஃபோர்மேன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். முப்பது வருடத்தில் அதை வேறு ஒருவர் கையில் கொடுத்ததில்லை. கம்பிக்குள் நீட்டினார். மைத்துனன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"குமிழி எங்க நிக்குது?"

"பின்பக்கமா ஒரு நூல் போகுது மாமா."

"முன்னாடி வலது காலுக்கு... வேண்டாம், நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். குனிந்து பார்த்தான். "முன்னாடி ரெண்டு காலுக்கும் ஒவ்வொரு மெல்லிசுத் தகடு?"

"போடு."

போட்டான். இறுக்கினான். யாரும் அவனைத் தள்ளிவிட்டு இரண்டாம் தடவை இறுக்கவில்லை. மூலை மூலையாக ரசமட்டத்தை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வாயைத் திறந்தான், டேப் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். நாலு விரலைக் காட்டி, உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக நீட்டினான்.

சுவிட்சைப் போட்டார்கள். பிரஸ் இறங்கியது, ஏறியது. ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க மேலே நிறுத்தி வைத்திருந்த நாணயம் விழவில்லை. முதல் மூடி தட்டில் வந்து விழுந்து சுழன்றது. வெல்டர் கை தட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஃபோர்மேன், மனைவி கொண்டுவந்த கம்பளியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மணி மூன்று. வியாழக்கிழமை. கெடுவுக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது.

வழக்கமாக இந்த மாதிரி வேலை கெடு நாளின் மாலை வரை இழுக்கும். எப்படி முன்னால் முடிந்தது என்று ஃபோர்மேன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். விடை தெரிந்ததும் அவருக்கு வலித்தது. ஒவ்வொன்றையும் அவர் இரண்டாம் தடவை செய்யாததால்தான் ஒரு நாள் மிச்சமாகியிருந்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வந்தார். குழுவில் எல்லாரும் வந்திருந்தார்கள். மனைவியும், ஸ்டூலை எடுத்துப்போகிற சாக்கில் வந்திருந்தாள். அவர் பெயரில் அன்றைக்கும் மட்டம் என்பதால், வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் வட்டமாக நின்றார்கள். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. தலைமை அலுவலகம். ஃபோர்மேன் ஸ்பீக்கரில் போட்டார். மைத்துனன் அதை வாங்கி எல்லாருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான்.

"வணக்கம் சார், டிஜிட்டல் மாற்றப் பிரிவு!" அதே பெண், அதே உற்சாகம். "உங்க ரிப்போர்ட்ட மேல முழுசா படிச்சாங்க. திங்கள் மட்டம். செவ்வாய், புதன், வியாழன் காய்ச்சல். வெள்ளி மறுபடி மட்டம். சரிங்களா?"

"சரிதாம்மா."

"நாற்பத்தாறு படியும் உங்க பொறுப்பு ஃபோர்மேன் பேர்ல முடிஞ்சிருக்கு. ஒரு நாள் முன்னாடியே. ஒரு தப்புகூட இல்ல."

"அவன் கெட்டிக்காரன்ம்மா" என்றார் ஃபோர்மேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. மைத்துனன் போனைப் பிடித்தபடியே மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் அந்த மெஷின் கம்பெனி. நீங்க மட்டம்னு சொன்னதுல பயந்துபோய், ஒரு வருஷ கேரண்டிய மூணு வருஷம் ஆக்கி எழுதிக் குடுத்துட்டாங்க. மேடை போட்டு மைக்குல சொல்வேன்னு மெரட்டினீங்களாமே?"

"நான் மெரட்டலம்மா. நான் பாராட்டினேன்."

அவள் சிரித்தாள். அவர் ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்துவிட்டாள்.

ஃபோர்மேனுக்கு இனி பொறுக்க முடியவில்லை. "அம்மா, எல்லாம் என் தப்புதான். ஒத்துக்கறேன். ஆப்ப ஓட்ட எனக்குத் தெரியல. தண்டனை எதுவா இருந்தாலும் குடுங்க. எடுபிடியாப் போடுங்க, ஸ்பேனர் தொடைக்கச் சொல்லுங்க, மைத்துனனுக்குக் கீழயே வேலை செய்யச் சொல்லுங்க, செய்யறேன். நாற்காலி மட்டும் வேண்டாம்மா."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சார் இப்படிப் பேசறீங்க? அஞ்சு நாள்ல ஒரு நாள்கூட வராம, ஒரு போல்ட்டக்கூடக் கையால தொடாம, மொத்த வேலையையும் ஆளுங்கள வெச்சே முடிச்சிருக்கீங்க. ஜெனரல் மேனேஜர் நாற்காலிக்கு இப்படி ஒருத்தரத்தான் ஆறு மாசமா தேடிட்டு இருக்கோம்!"